பதினாறு அடிக் கரையும் அதன் கீழே ஏழு வீடுகளும்: ஒரு தனியார் நீர்த்தேக்கத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம், இரண்டு சிறு குன்றுகளுக்கு நடுவே ஓடும் ஓடையை மறித்துப் போட்ட மண் கரை இது. 1990-களில் அந்த நிலத்தை வைத்திருந்தவர், மாமரத்துக்கும் தென்னைக்கும் தண்ணீர் வேண்டுமென்று டிராக்டரால் மண்ணைத் தள்ளி எழுப்பியிருக்கிறார். வரைபடம் கிடையாது, மண் பரிசோதனை கிடையாது. அடுக்கடுக்காகக் கொட்டி ரோலர் ஓட்டினார்களா என்று கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இல்லை. பிற்பாடு சென்னையில் வசிக்கும் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து அந்தத் தோட்டத்தை வாங்கின. அவர்களுக்குத் தண்ணீர் பாசனத்துக்கு அல்ல. சனி, ஞாயிறுகளில் தூண்டில் போடவும், பெடல் படகு ஓட்டவும், கரையில் நாற்காலி போட்டு உட்காரவும்தான். கொஞ்ச காலத்தில் கம்பெனிகளின் ஒருநாள் சுற்றுலாவுக்கும் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள்.

கரையின் உயரம் நடுவில் 16 அடி, நீளம் சுமார் 400 அடி. நிறைந்தால் ஐந்து ஏக்கரில் தண்ணீர் நிற்கும். சராசரி ஆழம் ஆறடி என்று வைத்தால் 13 லட்சம் கனஅடி. செம்பரம்பாக்கத்தின் 3,645 மில்லியன் கனஅடிக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அதையே 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் சொன்னால் 3,000 லாரிக்கு மேல் வரும். அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. கரையிலிருந்து சுமார் 300 மீட்டர் கீழே, ஓடையை ஒட்டி ஏழு வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். அதற்கும் கீழே ஒரு நெல் வயல், பிறகு ஊராட்சி சாலையின் சிறுபாலம்.

2021-ம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து குறிப்பிட்ட சில நிபந்தனைகளுக்குள் வரும் அணைகளுக்கும்தான் பொருந்தும். ஐந்து மீட்டர் கரை அதன் கண்ணில் படவே படாது. பொது ஏரி என்றால் மழைக்கு முன்னால் கரையையும் மதகையும் பார்க்க ஒரு துறை இருக்கிறது. இதற்கு இருந்தது ஒரு காவலாளி மட்டும்.

2023 செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டது அந்தக் காவலாளியின் பேச்சால்தான். கரையின் வெளிப்பக்க அடியில், கோடையில்கூடப் புல் பச்சையாகவே இருக்கிறது என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். உரிமையாளர்களில் ஒருவர் அதைக் காதில் போட்டுக்கொண்டார். ஏரி வேலைகளில் பல காலம் இருந்த கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் வந்து பார்க்கச் சொன்னார்.

கண்டவை

முதலில் கரைமேல் நடந்தேன். கயிறு கட்டிப் பார்த்ததில் நடுப்பகுதி ஓரங்களைவிட 9 அங்குலம் தாழ்ந்திருந்தது. நாற்காலி போடுவதும், வண்டி திருப்புவதும், கேம்ப் ஃபயர் போடுவதும் அதே இடத்தில்தான். உள்சரிவில் அலை அடித்து மண் படிக்கட்டாக வெட்டுப்பட்டிருந்தது. கல் பாவவில்லை. வெளிச்சரிவு முழுக்கச் சீமைக் கருவேலம். மறைவாக ஏதாவது நடந்தாலும் தெரியாத அளவுக்கு அடர்த்தி.

வெளிப்பக்க அடியில் ஒரு ஹியூம் பைப், அதாவது கான்கிரீட் குழாய், வாய் நீட்டியிருந்தது. பழைய மதகு. உள்பக்க ஷட்டர் துருவேறி இறுகிவிட்டது, எத்தனை பேர் சேர்ந்து திருகினாலும் அசையாது. பைப்புக்குள்ளிருந்து தண்ணீர் வந்திருந்தால் ஷட்டர் ஒழுகுகிறது என்று விட்டுவிடலாம். இங்கே பைப்பின் வெளிச்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது, தண்ணீர் அதன் வழியாக வந்தது. கரைக்குள் புதைத்த பைப்பைச் சுற்றி மண்ணைக் கெட்டியாக இடிப்பது கடினம். அதனால் மண் கரைகளில் உள் அரிப்பு தொடங்க வாய்ப்புள்ள இடங்களில் இதுவும் ஒன்று. வாய்க்குக் கீழே சிறு குழி தோண்டி 15 லிட்டர் வாளியை வைத்தோம். 40 வினாடியில் நிறைந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி ஆற விட்டதில் அடியில் மண் தங்கவில்லை. தெளிந்த கசிவு கண்காணிக்க வேண்டியது. கலங்கிய கசிவு என்றால் அன்றைக்கே ஓட வேண்டியது.

கீழே ஏழு வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் எங்களோடு வந்தார். எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர். கருவேலத்தை விலக்கி வளைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். மேலே இருப்பவை எலி வளை: வாயில் காய்ந்த மண் பொடி, இழுத்துப் போட்ட புல். கீழே இருப்பவை நண்டு வளை: வாயைச் சுற்றிச் சின்னச் சின்ன ஈர உருண்டைகள். பிறகு போகிறபோக்கில் சொன்னார்:

“எலி ஈரத்துல குடியிருக்காது சார். நண்டு காஞ்ச மண்ணுல தங்காது. ரெண்டும் பிரியற இடத்தப் பாருங்க.”

பார்த்தோம். அடியிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், கரையின் நடுப்பகுதி நெடுக, அந்தக் கோடு போனது. கரைக்குள் ஊறும் தண்ணீர் வெளிச்சரிவில் எந்த உயரத்தில் தலைகாட்டுகிறது என்று கண்டுபிடிக்க வழக்கமாகக் குழாய் இறக்கி நாள்கணக்கில் அளப்போம். இங்கே வளைகளே அதைக் காட்டின. கைத் துளைப்பானால் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே மூன்று இடத்தில் குடைந்தபோது ஒரு சாணுக்குள் தண்ணீர் ஊறியது. மேலே குடைந்ததில் ஊறவில்லை. நல்ல கரையில் இந்த நீர்க்கோடு உள்ளுக்குள்ளேயே இறங்கி அடியோடு போய்விட வேண்டும். சரிவின் முகத்தில் ஐந்தடி உயரத்தில் வெளிவருகிறது என்றால் அந்த ஐந்தடியும் நனைந்து, எப்போது வேண்டுமானாலும் சரியக்கூடிய மண்.

நண்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஜூலை 2 அன்று இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து பலர் இறந்தார்கள். நண்டுகள்தான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொல்ல, நாடு முழுக்கக் கேலி செய்தார்கள். கேலி நியாயம்தான், பராமரிக்காத கரைக்கு நண்டைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் வளைகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று அர்த்தமில்லை.

கலங்கல் கணக்கு

கசிவைப் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அதைவிடக் கவலை தந்தது கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்.

கரையின் வலது கோடியில் 20 அடி அகலக் கல் கலங்கல். கட்டியபோது அதன் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நாலடி இடைவெளி இருந்திருக்கிறது. 2018-ல் படகு தரை தட்டுகிறது என்று கலங்கல் மேல் ஹாலோ பிளாக் வைத்து ஒன்றரை அடி உயர்த்திவிட்டார்கள். அப்புறம் வளர்ப்பு மீன் வெளியே போகிறது என்று அதன் குறுக்கே நைலான் வலையும் கட்டினார்கள். வலையில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் தட்டும் அடைத்துக்கொண்டிருந்தன.

கணக்கு எளிதுதான். ஒரு ஏக்கரில் மணிக்கு ஓர் அங்குல வேகத்தில் மழை பெய்து அத்தனையும் வழிந்தோடினால் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கனஅடி. இந்த ஓடையின் நீர்ப்பிடிப்பு 150 ஏக்கர். மணிக்கு 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. மழை, அதில் பாதி ஓடி வந்தால் வினாடிக்கு 300 கனஅடி. பிளாக் இல்லாத கலங்கல், கரையின் தாழ்ந்த நடுப்பகுதி வரை தண்ணீர் ஏறினால், சுமார் 360 கனஅடி வெளியேற்றும். பிளாக் வைத்த பிறகு மிச்சமிருந்தது ஒன்றே முக்கால் அடி. அதில் 140 கனஅடிதான் போகும். வலை அடைத்தால் அதிலும் பாதி. மீதி கரைமேல் ஏறி வழியும். மண் கரை அதை அதிக நேரம் தாங்காது. வெளிச்சரிவில் வாய்க்கால் விழுந்து, அது உள்நோக்கி ஏறி, கரையை அறுத்துவிடும்.

உரிமையாளர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “2015 வெள்ளத்துக்கே ஒண்ணும் ஆகல சார். இப்ப மட்டும் என்ன?” நியாயமான கேள்விதான். 2015-ல் பிளாக் இல்லை, வலையும் இல்லை. அந்த வெள்ளத்தைத் தாங்கியது வேறு கரை என்றே சொல்லலாம். இந்தப் பதிலுக்குப் பிறகுதான் கூட்டத்தின் பேச்சு மாறியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வடகிழக்குப் பருவமழைக்கு சில வாரங்களே இருந்தன. கரையைப் புதிதாகக் கட்ட நேரமில்லை, மழைக்கு நடுவில் கரையை வெட்டித் திறப்பது அதைவிட ஆபத்து. எனவே ஆபத்தைக் குறைப்பதை மட்டும் இப்போது செய்வது, சரிசெய்வதைக் கோடைக்குத் தள்ளுவது என்று முடிவானது.

முதல் வேலை பிளாக்கையும் வலையையும் எடுப்பது. ஒரே நாளில் முடிந்தது. செலவு கூலி மட்டும். பொங்கல் வரை படகுக்கு முன்பதிவு இருந்ததால் இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்.

இரண்டாவது, பழைய கலங்கல் மட்டத்துக்கு நாலடி கீழே தண்ணீரை இறக்குவது. மதகு திறக்காது. டீசல் மோட்டார் வைத்தால் இரவும் பகலும் ஆள் வேண்டும். ஆகவே சைஃபன், அதாவது மேட்டைத் தாண்டித் தண்ணீரைத் தானாக இறக்கும் குழாய். ஆறு அங்குல பிவிசி பைப் இரண்டு கரையைத் தாண்டிப் போடப்பட்டன. இரு முனையிலும் வால்வு, உச்சியில் T வடிவ இணைப்பு ஒன்று. அதன் வழியாகப் பைப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மூடியைக் காற்றுப் போகாமல் இறுக்கி, இரண்டு வால்வையும் திறந்தால் தானாக ஓடும். முதல் தடவை ஓடவில்லை. உச்சி இணைப்பில் காற்று இழுத்தது. பிளம்பர் அதைப் பிரித்து மறுபடி ஒட்டிக் காயவிட்டதும் ஓட ஆரம்பித்தது. நாளொன்றுக்கு ஓரடிக்கு மேல் இறக்கவில்லை. வேகமாக இறக்கினால் ஏரித் தண்ணீர் போய்விடும், கரை மண்ணுக்குள் ஊறியது போகாது. உள்சரிவு அந்தக் கனத்தோடு ஏரிக்குள்ளேயே சரிந்துவிடும்.

நாலடி இறங்கியதும் வாளி நிறைய மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: இந்த நாலடி வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் இடம் அல்ல. கணக்குப் போட்டால் 7 செ.மீ. மழைக்கே நிரம்பிவிடும். கரைமீதான அழுத்தத்தைக் குறைக்கவும், புயல் வரும் நாளில் சில மணி நேரம் கையில் கிடைக்கவும்தான் அது.

மூன்றாவது, கசியும் இடம். தோட்டத்து மேஸ்திரி சிமென்ட் கலந்து பூசிவிடலாம் என்றார். அவர் மட்டுமல்ல, எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வெளியே பூசினால் தண்ணீர் நிற்காது. உள்ளே அழுத்தம் ஏறி வேறு பலவீனமான இடத்தைத் தேடும், அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். தண்ணீரை விட வேண்டும், மண்ணை விடக்கூடாது. பைப் வாயைச் சுற்றியும் நனைந்த அடிப்பகுதி நெடுகவும் முதலில் கழுவிய மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி, கடைசியில் கனத்துக்குக் கருங்கல் என்று அடுக்கினோம். மணலுக்கு மாற்றாக வந்த எம்-சாண்டில் தூள் அதிகமாக இருந்தது. ஒரு கைப்பிடி எடுத்து நீரில் கரைத்துப் பார்த்துவிட்டு லோடைத் திருப்பி அனுப்பினோம். தூள் இருந்தால் வடிகட்டியே அடைத்துக்கொள்ளும்.

நான்காவது, மரங்கள். கருவேலத்தைத் தரை மட்டத்தில் வெட்டினோம், வேரைப் பிடுங்கவில்லை. மழைக்கு முன் வேரைப் பிடுங்கினால் அந்தக் குழிகளே தண்ணீருக்கு வழி. கரைமேல் நின்ற பெரிய வேப்பமரத்தைத் தொடவில்லை. தாழ்ந்த நடுப்பகுதியில் கிராவல் மண் அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்து 9 அங்குலத்தையும் நிரப்பினோம்.

ஐந்தாவதற்குத்தான் பேச்சு நீண்டது: கீழே இருப்பவர்களிடம் சொல்வது. சொன்னால் கரை பலவீனம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், நாளைக்கு வழக்கு வரும் என்று சிலர் தயங்கினார்கள். சொல்லாமலிருந்து ஏதாவது நடந்தால் அதைவிடப் பெரிய வழக்கு வரும் என்று உரிமையாளர்களிலேயே இருந்த ஒரு வழக்கறிஞர் சொன்னார். எனக்குச் சட்டம் அவ்வளவாகத் தெரியாது. மூன்று ஆபத்துக் குறிகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: கசிவு கலங்குவது, கலங்கலில் இரண்டரை அடிக்கு மேல் ஓடுவது, கரையில் புதிதாக வெடிப்போ சரிவோ தெரிவது. எது நடந்தாலும் காவலாளி யாரிடமும் அனுமதி கேட்காமல் ஏழு வீட்டையும் எழுப்பலாம். அந்த அதிகாரத்தைக் கூட்டத் தீர்மானமாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் எழுத்தில் தகவல் போனது.

மிக்ஜாம் நாட்கள்

நவம்பர் மழைகளில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் சைஃபன் ஓடியது. டிசம்பர் 3 அன்று மிக்ஜாம் புயல் எச்சரிக்கை வந்திருந்தது. அன்று மாலையே, எந்தக் குறியும் தெரியாதபோதே, ஏழு குடும்பங்களும் ஊராட்சிப் பள்ளிக்குப் போய்விட்டன. சாப்பாட்டுச் செலவை உரிமையாளர்கள் ஏற்றார்கள். ஒரு பாட்டி மட்டும் ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்றார். ஆடுகளும் பள்ளிக்குப் போயின.

இரவு முழுக்கக் கொட்டியது. செல்போன் சிக்னல் போய்விட்டது. அதன்பிறகு நடந்தது காவலாளியின் நோட்டிலிருந்தும் அவர் வாய்மொழியிலிருந்தும் தெரிந்ததுதான். டிசம்பர் 4 விடியும் முன்பே தண்ணீர் கலங்கல் மட்டத்தைத் தொட்டுவிட்டது. காலையில் கலங்கல் கல்லில் பெயின்ட்டால் போட்ட அளவுகோலில் உச்சமாக இரண்டடி ஓடியது. இரண்டடி என்றால் 175 கனஅடி அளவு. பிளாக்கும் வலையும் இருந்து, நடுப்பகுதியும் நிரப்பப்படாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் கரைமேல் வழிந்திருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. பைப்பின் இடதுபக்கம், வடிகட்டி அடுக்கு முடிந்த இடத்துக்கு அப்பால், தரையில் ஒரு சின்ன ஊற்று கிளம்பி, சுற்றிலும் பொடி மணலைத் துப்பியது. தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. காவலாளியும் இருளர் குடியிருப்பு இளைஞர்கள் இருவரும் தயாராக அடுக்கி வைத்திருந்த மணல் மூட்டைகளை எடுத்து ஊற்றைச் சுற்றி இடுப்பளவுக்கு வளையம் கட்டினார்கள். ஊற்றின் வாயில் மூட்டையை நேராக வைக்கவில்லை, அதை முன்பே செய்து காட்டியிருந்தோம். வளையத்துக்குள் தண்ணீர் உயர உயர, கரைக்குள்ளிருந்து வரும் வேகம் குறையும். உள்ளே மணலும் ஜல்லியும் கொட்டினார்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் தெளிந்தது. கரை நின்றது.

நட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. கலங்கலுக்குக் கீழே தரை கல் பாவாதது. அங்கே ஓடையில் ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்து கலங்கல் சுவரின் ஒரு மூலை அந்தரத்தில் நின்றது. அடித்துப்போன மண் முழுக்கக் கீழேயிருந்த நெல் வயலில் படிந்தது. வயல்காரர் நட்டஈடு கேட்டார். உரிமையாளர்கள் முதலில் “இயற்கைச் சீற்றம்” என்றார்கள், பிறகு மணலை அள்ளிக் கொடுத்து ஒரு போகத்துக்கான தொகையும் கொடுத்தார்கள்.

பின்னர் நடந்தவை

2024 கோடையில் ஏரி கிட்டத்தட்ட வற்றியதும் நிரந்தர வேலைகள் தொடங்கின. ஹியூம் பைப்பை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் கரையையே அறுக்க வேண்டும். உள்பக்க வாயை அடைத்து, உள்ளே சிமென்ட் பால் ஏற்றி, வெளிப்பக்கம் சுற்றிலும் மணல் வடிகட்டி வைத்து மூடினோம். நண்டுக் கோட்டுக்குக் கீழே முழு நீளத்துக்கும் வடிகட்டியும் அதன்மேல் மண் திண்ணையும் வந்தன. கலங்கலுக்குக் கீழே கல் பாவி, படிகள் கட்டினோம். இடதுபக்கம் கரையைத் தொடாமல், இயற்கைத் தரையில் 30 அடி அகலத்தில் இரண்டாவது வழிந்தோடியும் வெட்டினோம். வேப்பமரம் போனது. அதன் வேர்க்குழியைத் தோண்டிச் சரிவாக்கி, அடுக்கடுக்காக இடித்து நிரப்பினோம்.

உரிமையாளர்களில் இரண்டு குடும்பங்கள் செலவுப் பங்கைக் கொடுக்காமல் விலகிக்கொண்டன. ஏரியை முழுதாக உடைத்து ஓடையை ஓடவிட்டுவிடலாம் என்ற யோசனையும் வந்தது. நேர்மையாகச் சொன்னால் அதுதான் மலிவு, பாதுகாப்பும் அதில்தான் அதிகம். மற்றவர்கள் ஒப்பவில்லை. சமரசமாக நிரந்தர நீர்மட்டத்தைப் பழைய கலங்கலுக்கு இரண்டடி கீழே வைக்க, கலங்கல் கல்லிலேயே ஒரு திறப்பு வெட்டினார்கள். பெடல் படகுக்கு இப்போது ஆழம் போதாது. பரிசல்தான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் கசிவு தெளிவாகவே இருந்தது. வாளி நிறைய நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது.

அடுத்த கரைக்கு மாற்ற வேண்டியவை

இதே வேலையை இன்னொரு தோட்டத்தில் செய்வதென்றால், பார்வையைச் செப்டம்பரில் அல்ல, மே மாதம் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும்போது தொடங்கச் சொல்வேன். உள்சரிவும் பைப்பின் உள்வாயும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வாளி அளவை முதல் நாளிலிருந்து, ஏரி மட்டத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். ஏரி மட்டம் இல்லாத கசிவு எண்ணால் பயனில்லை. வடிகட்டியை ஈரம் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் இருபக்கமும் தாராளமாக நீட்ட வேண்டும். டிசம்பர் 4-ன் ஊற்று சரியாக அதன் ஓரத்தில்தான் வந்தது. செல்போனை நம்பித் தொடர்புப் பட்டியல் போட்டால் புயல் இரவில் அது காகிதம்தான். இப்போது பள்ளி மணியை அடிப்பது என்று ஊரோடு பேசி வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. வருவாய்ப் பதிவேட்டில் அந்த ஓடை புறம்போக்கு. கரையின் இரு கோடிகளும் பட்டா நிலத்தில், நடுப்பகுதி அரசு நிலத்தில். அளந்து எல்லை காட்டச் சொல்லி வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிமையாளர்களே மனுக் கொடுத்திருக்கிறார்கள். அளவைக்குப் பிறகு கரை நிற்குமா, எடுக்கச் சொல்வார்களா என்பது அங்கே முடிவாகும். அதுவரை கம்பெனிச் சுற்றுலாக்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.